வீதியோரத்துச் சைக்கிளும் அஸ்தேய விரதமும்

ஒருவன் தன் சைக்கிளைப் பொதுவீதியில் நிறுத்திப் பூட்டிவிட்டு அப்பால் சென்றுவிடுகிறான். அவன் திரும்பி வரும் வரையில், அந்த ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள நிலம் யாருடையது என்னும் கேள்வி, நகராட்சிச் சிப்பந்திகளும் போக்குவரத்துக் காவலர்களும் தீர்த்துக்கொள்ள வேண்டிய சில்லறை விவகாரமாகவே நம்மில் பெரும்பாலோருக்குத் தோன்றும். எனக்கோ, உடைமை என்பது எதுவரையில் செல்லும், கண்ணுக்கெட்டாத அயலானுக்கு நாம் பட்டிருக்கும் கடன் யாது என்று நம் பெரியோர் நெடுங்காலமாக விசாரித்துவந்த வினாவே, அன்றாடம் நம் கைக்கு எட்டும் அளவில் வந்து நிற்பதாகப் படுகிறது. பெரிய சோதனைகள் வாழ்வில் ஒருமுறையோ இருமுறையோதான் வரும்; இந்தச் சோதனையோ, காய்கறி வாங்கப் புறப்பட்டவனுக்கும் கோயிலுக்குப் புறப்பட்டவனுக்கும் ஒவ்வொரு நாளும் வருகிறது.

இவ்விசாரணைக்குப் புதுச்சேரியைக் காட்டிலும் பொருத்தமான ஊர் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. 1693 முதல் 1699 வரை இவ்வூரைத் தம் வசம் வைத்திருந்த டச்சுக்காரர்கள் நூல் பிடித்தாற்போல் திட்டமிட்டு, பின்னர் பிரெஞ்சுக்காரர்கள் வளர்த்தெடுத்த இந்த நேர்நேரான வீதிகளில், பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே போனால் வீட்டு மதில்கள் வீதியின் விளிம்பிலிருந்தே எழுந்து நிற்கின்றன. மேற்கே தமிழர் பகுதிக்கு வந்தால், வைசியாள் வீதி போன்ற இடங்களில், மரத்தூண்கள் தாங்கிய ஓட்டுத் தாழ்வாரமும் அதன் பின்னே திண்ணையுமாக வீடுகள் வீதியை நோக்கித் திறந்திருக்கின்றன. வெயிலில் வந்த வழிப்போக்கன் யாரையும் கேளாமல் உட்கார்ந்து இளைப்பாறிப் போகட்டும் என்று வீட்டுக்காரன் தன் செலவில் தன் மனையில் கட்டிவைத்தது திண்ணை. தன்னுடையதைப் பொதுவுக்கு ஈந்த அந்த எல்லைக்கோட்டிலேயே இன்று நாம், பொதுவானதைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் வண்டிகளை வரிசையாகக் காண்கிறோம். கொடுத்த இடமும் எடுத்துக்கொள்ளும் இடமும் ஒன்றுக்கொன்று ஒரு முழத் தொலைவிலேயே இருக்கின்றன.

பிரெஞ்சு ஆட்சியின்போது இங்கு வழங்கிய தண்டனைச் சட்டம், 1810-இல் இயற்றப்பட்ட அதன் 471-ஆம் பிரிவில், பொதுவழியில் அவசியமின்றி ஏதேனும் ஒரு பொருளைப் போட்டோ விட்டோ, அதனால் போக்குவரத்தின் சுதந்திரத்தையோ பத்திரத்தையோ குறைத்தவருக்குச் சில பிராங்குகள் அபராதம் விதித்தது. அபராதம் சிறிது, ஆனால் அந்தச் சட்டம் பார்த்த பார்வை சிறிதன்று. பொருள் என்ன, உடையவர் யார் என்று அது கேட்கவில்லை. அவசியம் இருந்ததா, பிறர் நடக்கும் சுதந்திரம் குறைந்ததா என்று மட்டுமே கேட்டது. பின்னர் இங்கு நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 283-ஆம் பிரிவு இதே குற்றத்துக்கு 200 ரூபாய் வரையில் அபராதம் சொன்னது; அதன் இடத்தில் 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவு 5,000 ரூபாய் வரையில் சொல்கிறது. தொகை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால், பிறர் வழியை மறித்தவன் செய்த தீங்கு எவ்வகைப்பட்டது என்பதைச் சட்டம் ஆராய்வதில்லை. அதற்கு நாம் தர்ம நூல்களிடம்தான் போகவேண்டும்.

போவதற்கு வெகுதூரமும் இல்லை. புதுச்சேரிக்கு வடமேற்கே திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி வட்டாரங்களில் இன்றும் தமிழ்ச் சமணர்கள் வாழ்கின்றனர். மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது. அவர்கள் போற்றும் தத்துவார்த்த சூத்திரத்தில், கள்ளாமை என்னும் அஸ்தேய விரதம் நிலைபெறுவதற்காக உமாஸ்வாமி ஐந்து பாவனைகளைச் சொல்கிறார். திகம்பரர் ஓதும் பாடத்தின்படி, குகை முதலான ஆளற்ற இடங்களில் தங்குதல், பிறர் கைவிட்டுச் சென்ற இடத்தில் தங்குதல், பிக்ஷையில் தூய்மை, உடன் அறத்தாரோடு பூசலிடாமை ஆகியவற்றின் நடுவே வைக்கப்பட்டிருப்பது பரோபரோதாகரணம். அதாவது, தான் இருக்கும் இடத்தில் பிறர் வந்து இருப்பதைத் தடை செய்யாமை. இதை முதன்முதலாகப் படித்தபோது நான் சிறிது திகைத்துத்தான் போனேன். பிறரைத் தடுப்பது அநாகரிகம் என்றோ, ஹிம்சை என்றோ சொல்லியிருந்தால் அதில் புதுமை ஒன்றுமில்லை. இங்கே அது களவின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. எதையும் கையால் எடுக்காதவன், எவர் பையிலும் கை விடாதவன், வெறுமனே ஓரிடத்தை அடைத்துக்கொண்டு நின்றதனாலேயே கள்வனாகக்கூடும் என்பது அந்தச் சூத்திரத்தின் துணிபு.

இது துறவிகளுக்கன்றோ சொன்னது, பெண்டு பிள்ளைகளோடு இருப்பவனுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். துறவிக்கு மகாவிரதம் என்றும் இல்லறத்தானுக்கு அணுவிரதம் என்றும் அதே நூல் பகுத்துக் காட்டுவதும் உண்மையே. ஆயினும், உடைமை ஒன்றுமில்லாத முனிவன்கூடத் தான் உட்கார்ந்த இடத்தினால் பிறர் பொருளைக் கவர முடியுமென்றால், உடைமைகளோடு வீதியில் இறங்கும் இல்லறத்தானுக்கு எச்சரிக்கை அதிகம் வேண்டுமேயல்லாது குறையாது.

களவென்றால் பறிகொடுத்தவர் ஒருவர் வேண்டுமே, அவர் யார்? நேரு வீதியில் ஒரு மாலைப்பொழுதில் அவரை நான் பார்த்தேன். கண் பார்வையற்ற ஒரு பெரியவர், கடைகளின் ஓரமாகக் கைத்தடியால் தட்டித் தட்டி நடைபாதையில் வந்துகொண்டிருந்தார். ஜவுளிக்கடை ஒன்றின் வாசலில், ஹேண்டில்பாரின் இருபுறமும் பைகள் தொங்க, பின் சக்கரம் சாக்கடை மூடியின்மேல் ஏறியபடி ஒரு சைக்கிள் குறுக்காக நின்றது. தடியின் நுனி முன்சக்கரத்துக் கம்பிகளுக்கிடையே போய்ச் சிக்கிற்று. அவர் அதை மெல்ல விடுவித்துக்கொண்டு, கையால் சீட்டையும் கேரியரையும் தடவி அளந்து பார்த்துவிட்டு, நடைபாதையை விட்டு ஸ்கூட்டர்கள் விரையும் வீதிக்குள் இறங்கினார். இரண்டு மூன்று ஹாரன்கள் ஒரேசமயத்தில் அலறின. அவர் போய்ச் சேர்ந்த பின்னரே சைக்கிளுக்குரிய இளைஞன் துணிப் பொட்டலத்தோடு வெளியே வந்து பூட்டைத் திறந்தான். தன் சைக்கிளால் ஒருவர் உயிருக்கு ஆபத்து வந்து விலகிற்று என்பது அவனுக்குத் தெரியாது. அவன் முகத்தில் கொடுமையின் சாயல் எள்ளளவும் இல்லை. பறிகொடுத்தவரும் பறித்தவனும் ஒருவரை ஒருவர் காணாமலே நடந்து முடிந்துவிடும் களவு இது. ஆகவே, கடிந்துகொள்ள ஆளின்றியே ஒருவன் தன்னைத்தான் காத்துக்கொள்ளவேண்டிய இடமாகவும் இருக்கிறது.

இனி, எதிர்த்தரப்பின் வாதத்தையும் அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். வீதி பொதுவென்றால் எனக்கும் அதில் பங்குண்டு. என் பங்கை நான் அனுபவிப்பது களவாகுமா? ரோமாபுரியின் சிசரோ, ஸ்டோயிக் ஞானிகளின் கொள்கையை ஒரு நூலில் கேட்டோவின் வாயால் உரைக்கும்போது இந்த வாதத்துக்கு அழகிய உவமை ஒன்று தருகிறார். நாடகக் கொட்டகை எல்லோருக்கும் பொது. எனினும் அவரவர் அமர்ந்த இடத்தை அவரவருடையது என்று சொல்வதில் தவறில்லை என்பது அதன் கருத்து. நல்ல உவமைதான், ஆனால் அங்கே மனிதன் தானே அமர்ந்திருக்கிறான். நம் பேருந்து நிலையங்களில் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடிப்பவனைப்போல, சைக்கிளை விட்டுச் செல்பவன் தான் இல்லாத நேரத்தில் தனக்குப் பதிலாக ஒரு பொருளைக் காவல் வைத்துவிட்டுப் போகிறான். இல்லாதவனுக்காக ஒரு பொருள் இடத்தை ஆளலாமா என்பதே இங்குள்ள மெய்யான கேள்வி.

ஜெர்மனியின் காண்ட், 1797-இல் வெளியிட்ட நீதித் தத்துவ நூலில் இதன் வேர்வரையில் சென்றார். கையில் வைத்திருக்கிறேன் என்பதற்காக ஓர் ஆப்பிள் பழம் என்னுடையதாகிவிடாது. கீழே வைத்துவிட்டு அப்பால் சென்ற பிறகும் என்னுடையது என்று சொல்லமுடிந்தால்தான் அது என்னுடையது. அவ்வாறே, ஒரு நிலத்தின்மேல் படுத்திருப்பதனால் மட்டும் அது எனதாகிவிடாது. நம் சைக்கிளுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், விட்டுச் சென்ற பின்னும் சைக்கிள் என்னுடையதாகவே இருக்கிறது; அதன் கீழுள்ள நிலமோ, அது நின்றுகொண்டிருக்கும்போதுகூட என்னுடையதாவதில்லை. நான் ஒருவன் மனத்தில் நினைத்துக்கொண்டதனால் மற்றவர்கள் மீது கடமை ஏறிவிடாது, எல்லோரையும் தழுவிய பொதுச் சித்தம் ஒன்றே அதைச் செய்யவல்லது என்பது அந்தத் தத்துவஞானியின் முடிவு. ஆகவே ஊர்ச்சபை கோடு கிழித்து இங்கே சைக்கிள் நிறுத்தலாம் என்று பலகை வைக்கும்போது, அது அதிகாரத்தின் கட்டளையாக மாத்திரம் நிற்கவில்லை. இவ்வழியே நடக்கவிருக்கும் அத்தனை பேரும் முன்கூட்டியே தந்துவைத்த சம்மதமாகவும் நிற்கிறது. அந்தக் கோட்டுக்குள் விட்ட சைக்கிள், கேட்டுப் பெற்ற இடத்தில் நிற்கிறது. கோட்டுக்கு வெளியே நிற்பது, கேளாமல் எடுத்த இடத்தில்.

தமிழ் மண்ணுக்கு இது அந்நியமான எண்ணமன்று. நம் ஊர்களின் மிகப் பெரிய வண்டியாகிய கோயில் தேருக்கே நிலை என்று குறித்த இடம் உண்டு. வில்லியனூர் திருக்காமீசுவரர் தேரை வைகாசியில் பிரெஞ்சுக் கவர்னர்கள் வடம் பிடித்து இழுத்தார்கள். அந்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநரோடு தொடர்கிறது. மாடவீதி முழுவதும் அன்றைக்குச் சுவாமிக்கே சொந்தம். ஆயினும் தேர் நிலைக்கு வந்து சேர்ந்தாலன்றி உற்சவம் நிறைவு பெற்றதாக எவரும் கொள்வதில்லை. மாசி மகத்தன்று மயிலம் முருகன் முதலான மூர்த்திகள் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டு தத்தம் ஊருக்குத் திரும்புவதிலும் இதே மரியாதையைக் காண்கிறேன். இடத்தை மட்டுமன்றி நேரத்தையும் பங்கிடலாம் என்பதற்குக் கடற்கரைச் சாலையே சாட்சி. மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை மோட்டார் வண்டிகளை விலக்கி அது நடப்பவர்களுக்கு விடப்படுகிறது. பிரான்சில் சில வீதிகளில் மாதத்தின் முற்பாதியில் ஒற்றை எண் வீடுகளின் பக்கமும் பிற்பாதியில் இரட்டை எண் பக்கமுமாக வண்டிகள் மாறி நிற்கவேண்டும் என்னும் விதி இருக்கிறது. சுமையை இரு சாரியினரும் மாறி மாறிச் சுமக்கிறார்கள்.

ஆனால், இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லாவிட்டால் நான் சைக்கிள்காரனுக்கு அநீதி செய்தவனாவேன். அஸ்தேயம் விதிக்கப்படுபவனுக்கு மட்டுமன்று, விதிப்பவனுக்கும் உரியது. ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டுப் பத்து சைக்கிள்கள் நிற்கும். அப்படியிருந்தும், கார்களுக்குக் கோடு கிழித்து இடம் ஒதுக்கிய வீதியில் சைக்கிளுக்கு நிறுத்தக்கூடாது என்னும் பலகை மட்டும் வைப்பார்களானால், அந்தப் பொதுச் சித்தத்தில் ஏழையின் சித்தம் சேர்க்கப்படவில்லை என்றே பொருள். முதலியார்பேட்டைப் பக்கத்து ஆலைகளுக்குத் தொழிலாளர்கள் அணியணியாகச் சைக்கிளில் போய்வந்த ஊர் இது. எட்டு மணி நேர வேலை முதலிய உரிமைகளுக்காகக் கிளர்ந்து, 1936 ஜூலை 30 அன்று 12 பேர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான ஊர். உழைப்பவனுடைய நேரத்துக்கு ஓர் எல்லை வகுக்கப் போராடியவர்களின் பேரப்பிள்ளைகள், உழைப்பவனுடைய வண்டிக்கு ஓர் இடம் வகுக்க மறந்துவிடலாகாது. குபேர் மார்க்கெட்டைச் சுற்றிலும், கோயில் வாசல்களுக்கு அருகிலும், நிழலோடு கூடிய சைக்கிள் ஸ்டாண்டுகள் தாராளமாக இருந்தால்தான், இடமில்லாத இடத்தில் நிறுத்தியவனைக் குற்றவாளி என்று சொல்லும் யோக்கியதை ஊருக்கு வரும். தடை மட்டும் போட்டு இடம் தராத விதியும் ஒருவகையில் பரோபரோதமே.

1914 ஆகஸ்டு 15 அன்று இவ்வூரிலிருந்து வெளிவரத் தொடங்கிய ‘ஆர்யா’ பத்திரிகையில் ஸ்ரீ அரவிந்தர் தம் ஈச உபநிஷத்து வியாக்கியானத்தை வெளியிட்டார். உலகனைத்தும் ஈசனுக்கு இருப்பிடம், ஆகையால் பற்றை விட்டு அனுபவி, பிறர் பொருளை விரும்பாதே என்று தொடங்கும் உபநிஷத்து அது. உலகைத் துறக்கச் சொல்லாமல், துறந்த மனத்தோடு அனுபவிக்கச் சொல்வதே அதன் அருமை. பத்திரங்களில் அனுபோகம் என்றும் பாத்தியதை என்றும் சேர்த்தே எழுதிப் பழகிய நமக்கு, பாத்தியதையின்றியே அனுபோகம் கூடும், அதில் குறைவொன்றுமில்லை என்பதைக் கற்பிக்க வீதியைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. அவர் பெயரால் விளங்கும் ஆசிரமத்துச் சாதகர்கள் இன்றும் பெருமளவில் சைக்கிளிலேயே போய்வருகிறார்கள். அங்குள்ள அவருடைய சமாதியைத் தரிசிக்க வருபவர்களும், மணக்குள விநாயகரை வணங்க வருபவர்களும் சிறு தூரத்துக்குள் வந்து குவிகிறார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போகவேண்டும் என்பதை எவரும் சொல்லாமலே அறிந்த பக்தன், தான் விட்டுவந்த சைக்கிள் மற்றொரு பக்தனின் வழியை அடைத்திருக்கிறதா என்றும் ஒருமுறை திரும்பிப் பார்க்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். அந்தப் பார்வையும் தரிசனத்தின் அங்கமே.

கடினமான வழக்கு ஒன்று எஞ்சியிருக்கிறது. விடியற்காலையில் கேரியரில் ரொட்டிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஹாரனை அமுக்கியபடி வீதி வீதியாக வரும் ரொட்டிக்காரர் வாசலுக்கு வாசல் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்துகிறார். அவருக்கென்று எங்கும் கோடு கிழித்திருக்கவில்லை. கிழிக்கவும் இயலாது, ஏனெனில் அவருக்கு வேண்டிய இடம் ஊர் முழுவதும் பரந்து கிடக்கிறது. அவர் செய்வது களவா? பழைய பிரெஞ்சுச் சட்டம் கேட்ட அவசியம் அவரிடம் இருக்கிறது. சிசரோவின் கொட்டகையில்போல அவர் தம் இடத்தில் தாமே நிற்கிறார். யாராவது வழி கேட்டால் மறுகணமே ஹேண்டில்பாரைத் திருப்பி ஒதுங்கித் தருகிறார். கடைக்குள் சென்று மறைந்தவனின் சைக்கிளையும், உடையவன் பக்கத்தில் நிற்கும் சைக்கிளையும் ஒரே தராசில் நிறுத்து ஒரே அபராதம் விதிக்கும் விதி எங்கே இருந்தாலும் அது திருத்தப்பட வேண்டும். எழுதப்படும் புதிய விதி எதுவானாலும், வண்டியின் நீள அகலத்தை அளப்பதற்கு முன்னால், கேட்டால் நகர்த்தித் தர ஆள் அருகில் இருக்கிறாரா என்பதையே முதல் கேள்வியாக வைக்க வேண்டும்.