உப்பு

இன்னும் விடியவில்லை.
நெபுலைசர் ரீங்கரிக்கிறது. குழாயின் ஓரத்தில் வெண்புகை.

மகள் நெற்றியில் உதடு படுகிறது. உப்பு.
கைக்குழந்தையாக இருந்தபோதே இருந்த உப்பு. வியர்வை என்று துடைத்துவிட்ட நாட்கள்.

1948. நியூயார்க்கில் கடும் வெயில். துவண்டுபோய் வருகிற குழந்தைகளில், இவளுக்கு இருக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்காரர்கள் பலர். டி சான்ட் ஆக்னீஸ் என்ற டாக்டர் அதைக் கவனிக்கிறார். 1953இல் எழுதுகிறார்: வியர்வையில் உப்பு மிகுதி.

ஏழாவது குரோமோசோமில் ஓர் எழுத்துப் பிழை. உப்பு போய்வரும் வாசல் சாத்திக்கிடக்கிறது. நுரையீரலில் ஈரம் வற்றி, சளி பசையாகிறது.

கையைக் குவித்து முதுகில் தட்டுகிறேன். தட்டையாக விழுந்தால் வலிக்கும். குவிந்த கை காற்றைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும்.
டொப். டொப்.
வலது பக்கம், கீழே, ஒலி மந்தம். அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம்.

இருமல் வருகிறது. வரட்டும்.

கிண்ணத்தில் பச்சை.

கல்ச்சர் ரிப்போர்ட்டில் மறுபடியும் சூடோமோனாஸ். மண்ணில் இருப்பது, தண்ணீரில் இருப்பது. மற்றவர் நெஞ்சில் தங்காமல் போய்விடும். இங்கே கோழையைப் போர்த்திக்கொண்டு குடியிருக்கிறது. போர்வைக்குள் மருந்து முழுசாய் இறங்குவதில்லை.

டோப்ராமைசின் 28 நாள். பிறகு 28 நாள் இல்லை.
இன்று 19.

வெங்காயம் நறுக்குகிறேன். ஒன்றின் நடுவே அழுகல்.
1950இல் பர்க்ஹோல்டர் என்பவர் இப்படி அழுகிய வெங்காயத்தில்தான் ஒரு கிருமியைக் கண்டு சொன்னார். பின்னாளில் அது இந்த நோய்க்காரர்களின் நுரையீரல்களிலும் தென்பட்டது. இந்த அழுகல் அதுவாக இருக்க வேண்டியதில்லை.
கத்தியைக் கழுவுகிறேன். இன்னொரு தரமும்.

ஆஸ்பத்திரி வராந்தா. அந்தக் கோடியில் ஒரு பையன், மாஸ்க்கோடு. அதே இருமல்.
ஒரே நோய்க்காரர்கள் பக்கத்தில் உட்காரக் கூடாது. ஒருவர் கிருமி மற்றவருக்குப் போகும். ஆறடியாவது வேண்டும்.
அவள் கையசைக்கிறாள். அவனும்.

ஆஸ்திரேலியாவில், கடலலையில் சறுக்கி விளையாடும் நோயாளிகளுக்கு மூச்சு இலகுவாகிறதாம். அதிலிருந்து வந்ததுதான் நெபுலைசரில் ஊற்றும் இந்த உப்பு நீர்: 7 சதவீதம். கடலைப் போல் இரண்டு மடங்கு.
தோல் வழியே போகிறது. மூச்சு வழியே வருகிறது.

சாயங்காலம். மொட்டைமாடியில் ஓடிவிட்டு வருகிறாள். காதோரம் காய்ந்து, வெள்ளைப் பொடியாய்.

மோர் ஆற்றுகிறேன். ஒரு சிட்டிகை.
இன்னொரு சிட்டிகை.