மானாவாரி வாத்தியார்

"நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த ஆன்லைன் எல்லாம் சரிப்படாது சார்."

டீக்கடையில் யாராவது இப்படிச் சொன்னால் டீயைக் குடித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ஸ்டாஃப் ரூமில் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொன்னவர் புதிதாக வேலைக்கு வந்த தம்பி. நெட் பாஸ் பண்ணியவர், முனைவர் பட்டம் வாங்கியவர். வயது முப்பதைத் தொடவில்லை, அதற்குள் கையை விரித்தாயிற்று!

தம்பி, அந்தச் சன்னலுக்கு வெளியே பாருங்கள். திருச்சுழி வரைக்கும் கரிசல் காடு. குண்டாற்றில் வருஷத்துக்கு எத்தனை நாள் தண்ணீர் பார்க்கிறோம்? அதற்காக நம் சம்சாரி நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டாரா? கோடையில் ஒரு மழை விழுந்தால் உழுது போடுகிறார். புரட்டாசியில் வானத்தைப் பார்க்கிறார். மண்ணை ஒரு கை அள்ளி, இறுக்கிப் பிடித்து, விரித்துப் பதம் பார்க்கிறார். பருத்தியா, சோளமா, மல்லியா, உளுந்தா என்று அதற்குப் பிறகுதான் முடிவு. மோட்டாரைப் போட்டுவிட்டுத் திண்ணையில் சாய அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதனாலேயே மண்ணை அவர் மாதிரி படித்தவன் எவனும் இல்லை. டவர் வந்து வந்து போகிற ஊரில் பாடம் நடத்துவதும் மானாவாரி வெள்ளாமைதான். அந்தச் சம்சாரி வீட்டுப் பிள்ளை உங்களுக்கு அது வராதா?

என் கதையைச் சொல்கிறேன், பெருமைப்பட ஒன்றும் இல்லை. 2020 மார்ச் நடுவில் கல்லூரிகளைப் பூட்டினார்கள். 25-ஆம் தேதி நாடே அடங்கியது. நான் இயற்பியல் வாத்தியார். கையில் இருந்தது பழைய நோட்டும் கணீரென்ற குரலும். வகுப்பில் பேசிய அதே ஒரு மணி நேரத்தை அப்படியே போனுக்குள் கொட்டினேன். திரையில் பெயர்கள் தெரிந்தன, ஒரு முகம்கூட இல்லை. ஒரு நாள் கேள்வி கேட்டேன். ஒரு மாணவி மைக்கைத் திறந்தாள். அவள் குரலுக்கு முன்னால் தறிச் சத்தம் வந்தது. சடக்... சடக்... "மியூட் பண்ணும்மா!" என்று அதட்டினேன். பண்ணிவிட்டாள். ஒரு வாரம் ஆளையே காணோம்.

விசாரித்தால், அருப்புக்கோட்டையில் ஒற்றை அறை வீடு. அப்பா தறியில். அம்மாவும் இவளும் தார் சுற்றுகிறார்கள். வீட்டுக்கே ஒரு போன். அந்தச் சத்தம் நின்றால் அடுப்பு எரியாது. அதை நிறுத்தச் சொன்ன மேதாவி நான்!

அன்றைக்கு ராத்திரி எனக்கு ஒன்று உறைத்தது. கல்லூரி திறந்திருந்தபோதும் நான் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அப்போது முகங்கள் எதிரே இருந்ததால் புரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். போன் அந்த மாயத்திரையைக் கிழித்துவிட்டது, அவ்வளவுதான்.

நான் மட்டும் இல்லை, ஹார்வர்டிலேயே இந்தக் கூத்து நடந்திருக்கிறது. எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர். மாணவர்களிடம் நல்ல பெயர். 1990 வாக்கில் சாதாரணக் கேள்விகள் உள்ள ஒரு தேர்வை வைத்துப் பார்த்தார். கடினமான கணக்கைப் போட்ட பிள்ளைகள் அதில் தடுமாறினார்கள். மனிதர் பாடத்தையே திருப்பிப் போட்டார். சின்னதாக விளக்கம், பிறகு ஒரு கேள்வி, ஒவ்வொருவரும் தனித்தனியே விடை சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும், மறுபடி விடை சொல்ல வேண்டும். 1997-ல் அதைப் புத்தகமாகவே போட்டார்.

அதைக் கரிசலுக்குக் கொண்டுவர எனக்கு என்ன செலவு? ஒரு பைசா இல்லை. ஒரு மணி நேர வீடியோ நூற்றுக்கணக்கான எம்பியை விழுங்கும். ஐந்து நிமிடக் குரல் பதிவு ஒன்றிரண்டு எம்பிக்குள் அடங்கும். டவர் கிடைக்கும் நேரத்தில் இறக்கிக்கொண்டு, தார் சுற்றிக்கொண்டே கேட்கலாம். முடிவில் ஒரே கேள்வி: காரியாபட்டி ரோட்டில் லாரியும் மொபெட்டும் நேருக்கு நேர் மோதுகின்றன. எது எதன்மேல் அதிக விசையைச் செலுத்துகிறது? லாரி என்றால் அ, மொபெட் என்றால் ஆ, இரண்டும் சமம் என்றால் இ. ஒற்றை எழுத்தை அனுப்பினால் போதும், பட்டன் போனில் எஸ்எம்எஸ்ஸாகக்கூட. வந்து குவிந்ததெல்லாம் அ! நான் விடை சொல்லவில்லை. "ரெண்டு ரெண்டு பேராப் பேசிக்கங்க, ராத்திரி மறுபடி அனுப்புங்க" என்றேன். அன்றைக்குத்தான் பிள்ளைகள் எனக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தார்கள். "சார், மொபெட்டுதான நொறுங்குது, அப்புறம் எப்படி சமம்?" அப்பா, அந்தக் கோபம்! விசை சமம்தான், எடை குறைந்த வண்டி பலமாகத் தூக்கி எறியப்படுகிறது. அத்தனை வருஷம் கரும்பலகையில் நியூட்டனின் மூன்றாம் விதியை எழுதி நான் வாங்காத கேள்வி அது.

எதிரே உட்காராத மாணவருக்குப் பாடம் சொல்வது நமக்குப் புதிதும் இல்லை. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிவிட்டது. தபால்காரர் கொண்டுவந்த பாடக் கட்டைப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இந்தப் பக்கம் எத்தனையோ பேர். இன்னும் பின்னால் போங்கள். 1879-ல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன்தான் ரமண மகரிஷி. 1902 வாக்கில் திருவண்ணாமலைக் குகையில் சிவப்பிரகாசம் பிள்ளை கேள்வி கேட்க, வாய் திறக்காமல் எழுதிக் காட்டியே அவர் சொன்ன பதில்கள்தான் 'நான் யார்?' ஆனது. நம் ஊர்க்காரர் மியூட்டில் இருந்துகொண்டே பாடம் நடத்தியிருக்கிறார்!

2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி என்று சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அரசு டேட்டா கார்டு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் டவர் இல்லாத காட்டுக்குள் அட்டை என்ன செய்யும்? அதைக் கேட்க வேண்டியவர்களிடம் உரக்கக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். கேட்டுவிட்டு, கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். இன்றைக்கே மூன்று மாணவர்களுக்குப் போன் போடுங்கள். வீட்டில் எத்தனை போன், எந்த நேரத்தில் கைக்கு வரும், எங்கே நின்றால் டவர் கிடைக்கும் என்று கேளுங்கள். அதுதான் மண்ணை அள்ளிப் பதம் பார்ப்பது. அதைச் செய்யாமல் ஸ்லைடுக்கு வண்ணம் பூசாதீர்கள்.

2021 செப்டம்பர் 1, கல்லூரி மறுபடி திறந்த நாள். முகக்கவசத்தோடு அந்தத் தறிக்காரர் மகள் வந்து நின்றாள். அன்றைக்கு அதட்டியதற்கு வருத்தம் தெரிவிக்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"சார், நீங்க அனுப்புன ஆடியோவ எங்கம்மாவும் கேட்டாங்க. அந்த லாரி விஷயத்த மட்டும் இன்னும் ஒத்துக்கவே மாட்டேங்குறாங்க சார்."