இறங்கும் வித்தை

என் மேஜைமேல் ஒரு சிறு காகிதக் குழாய் இருக்கிறது. கட்டைவிரல் பருமனும் 7 சென்டிமீட்டர் நீளமும் உள்ள அந்தக் குழாயின் உடம்பில் ‘பி4-2’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். விளையாட்டு ராக்கெட்டுகளுக்கு உயிரூட்டும் மோட்டார் அது. உள்ளே கெட்டித்து அடைத்திருந்த கருமருந்து எரிந்து தீர்ந்து, இப்போது கரிபிடித்த வெறும் கூடாகக் கிடக்கிறது. இந்தத் துறையில் பழகியவர்களுக்கு அந்த மூன்று குறிகளும் ஒரு ஜாதகம்போல. முதல் எழுத்து மோட்டாரின் மொத்த சக்தியைச் சொல்வது. ‘பி’ என்றால் 5 நியூட்டன்-விநாடிக்கு மேற்படாதது என்று பொருள். அடுத்த எண் சராசரி உந்துவிசை, 4 நியூட்டன். கடைசி எண், உந்துதல் ஓய்ந்த பிறகு முன்புறத்துச் சிறு வெடி வெடிக்கும்வரை கழியும் விநாடிகள், 2. ஏறக்குறைய ஒரு விநாடி உந்துதல், இரண்டு விநாடி அதன் மிச்ச வேகம், அவ்வளவுதான் ஏற்றம். அதன்பின், சென்ற அக்டோபர் மாதத்து மாலை ஒன்றில், நானும் என் பேத்தியும் கட்டிய கிளைடர் ஒரு நிமிஷத்துக்கும் மேலாக ஆகாயத்தில் மிதந்துகொண்டிருந்தது. மூன்று விநாடி ஏறுவதற்கு, அறுபது எழுபது விநாடி இறங்குவதற்கு என்னும் இந்தக் கணக்கு அன்றிலிருந்து என்னை விடாமல் பின்தொடர்ந்து வருகிறது.

பாலங்களுக்குக் கணக்குப் போடும் எஞ்சினீயராக முப்பத்தோர் ஆண்டுகள் ஒமஹா நகரத்தில் உத்தியோகம் பார்த்துவிட்டு, வருகிற ஜூன் மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவன் நான். இந்த நெப்ராஸ்கா மாநிலத்தின் வடகிழக்கில் உள்ள நார்ஃபோக் என்னும் சிற்றூர்தான் விளையாட்டு ராக்கெட்டின் ஜன்மபூமி என்பது, இத்தனை வருஷம் இங்கே வாழ்ந்தும், பேத்தியின் பள்ளிப் பாடம் ஒன்றின் மூலமாகத்தான் எனக்குத் தெரியவந்தது. அவ்வூரில் செருப்புக்கடை நடத்திவந்த ஆர்வில் கார்லைல் என்பவர் வாண வேடிக்கையில் தீராத மோகம் கொண்டவர். அவருடைய சகோதரர் ராபர்ட் மாதிரி விமானங்களில் ஈடுபட்டவர். இரண்டு ஆசைகளும் ஒரே குடும்பத்தில் கூடியதன் பயனாக, 1954-ல், காகிதத்தாலும் லேசான மரத்தாலும் ஆன ஒரு சிறு ராக்கெட் உருவாயிற்று. மூன்றாண்டுகளுக்குப் பிறகு, வைட் சாண்ட்ஸ் சோதனைத் தளத்தில் பணியாற்றிய ஜி. ஹாரி ஸ்டைன், உலோகக் குழாய்களில் தாமாகவே மருந்தடைத்து இளைஞர்கள் காயமுறுவதைப் பற்றிக் கவலைப்பட்டு ஒரு கட்டுரை எழுத, அதைப் படித்த கார்லைல் தம் ராக்கெட்டுகளை அவருக்கு அனுப்பிவைத்தார். 1958-ல் கொலராடோவில் வெர்ன் எஸ்டஸ் அந்த மோட்டார்களைத் தானாகச் செய்யும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். இவ்வாறாக அந்தப் பொழுதுபோக்கு தேசமெங்கும் பரவிற்று.

இந்தச் சரித்திரத்தில் என் சிந்தனையைத் தூண்டியது ஒன்று உண்டு. வாணம் ஏறுவது உலகத்துக்குப் புதிதல்ல. சீன தேசத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அது ஏறிவிட்டது. ஏறிய பொருள் உச்சியில் பாரசூட் விரித்து, உடையாமல் தரைக்கு வந்து, புது மோட்டார் செருகியவுடன் மறுபடி பறக்கச் சித்தமாக நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டதுதான் அந்தச் செருப்புக்கடைக்காரரின் புதுமை. 1960-களின் தொடக்கத்தில் அந்த இறக்கத்துக்குச் சிறகும் முளைத்தது. ராக்கெட்டாக ஏறி விமானமாக இறங்கும் கிளைடர்களைச் செய்யலானார்கள். மோட்டாரை முன்புறத்தில் தனிக் கூடாக மாட்டி, உச்சியில் அது கழன்று விழும்படி செய்யும் யுக்தியை லாரி ரெங்கர் என்பவர் கொண்டுவந்தார். பேத்தியின் பிறந்தநாளுக்கு நான் வாங்கிய கிட் அந்த வகையைச் சேர்ந்தது.

பெட்டியைத் திறந்தபோது உள்ளே காற்றைத் தவிர ஒன்றுமில்லையோ என்று சந்தேகிக்கும்படி இருந்தது அதன் கனம். நான்கைந்து பால்சா பலகைகள், ஒரு காகிதக் குழாய், ஒரு மூக்குக் கூம்பு, நீண்ட நாடா ஒன்று, ஒரு சிட்டிகைக் களிமண், பொருத்தும் முறையைச் சொல்லும் தாள். ஈக்குவடார் நாட்டில் ஐந்தாறு ஆண்டுகளிலேயே வெட்டும் பருவத்துக்கு வளர்ந்துவிடுகிற பால்சா மரத்தை முதன்முதல் கையில் எடுப்பவனுக்கு, மரத்தைப் பற்றிய எண்ணமே மாறிவிடும். நகம் பட்டால் பள்ளம் விழுகிறது. ஆனால் நார் ஓடும் திசையறிந்து வெட்டினால் சிறகுக்கு வேண்டிய உறுதியைக் கொடுத்துவிடுகிறது. சிறகின் முன்விளிம்புக்கு இணையாக நார் ஓடவேண்டும். மாறிப் போனால் காற்றின் முதல் மோதலிலேயே முறிந்துவிடும்.

சிறகுக்கு வடிவம் கொடுக்கும் வேலைதான் நெடுநேரம் பிடித்தது. உப்புத்தாளை ஒரு சிறு கட்டையில் சுற்றிக்கொண்டு, முன்விளிம்பை உருட்டி, அங்கிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் முதுகை உயரமாக நிறுத்தி, பின்விளிம்பை நோக்கிக் காகிதம்போல மெலியச் செய்யவேண்டும். அடிப்புறம் மட்டும் தட்டையாகவே இருக்கவேண்டும். மூன்று சாயங்காலங்கள் நாங்கள் இதைச் செய்தோம். கண்ணால் பார்த்தால் சமமாகத் தோன்றும் இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் மேடு தட்டுப்படும். அந்த மேட்டைக் கண்டுபிடிப்பதில் என் விரல்களைவிடப் பேத்தியின் விரல்கள் கூர்மையாக இருந்தன. மேஜையெங்கும் படிந்த மரத்தூள் மூச்சுப்பட்டாலே எழுந்தது. பிறகு மெழுகுத்தாள் விரித்து, இரு சிறகுகளின் நுனிகளையும் சற்றே தூக்கி முட்டுக்கொடுத்து நடுவில் பசையிட்டு, வட்டமிட்டு இறங்கும்படி வாலைச் சிறிது சாய்த்து ஒட்டி, அசையாமல் ஓர் இரவு விட்டுவைத்தோம்.

இனி ஏவவேண்டியதுதான் என்று நாங்கள் நினைத்த இடத்தில், குறிப்புத்தாள் எங்களை நிறுத்தியது. மோட்டாரைத் தொடுவதற்கு முன்னால், கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் கிளைடரைப் புல்தரையின்மேல் கையால் எறிந்து எறிந்து அதன் சமநிலையைச் சரிசெய்யவேண்டும் என்று அது விதித்திருந்தது. “தாத்தா, இன்னும் ஒரு தடவைகூட ஏறவே இல்லையே, அதற்குள் இறங்கப் பழக்குகிறோமே?” என்று பேத்தி கேட்டாள். எஞ்சினீயர் என்ற முறையில் அவளுக்கு விடை சொன்னேன். ஏறும்போது மூக்கில் மோட்டாரின் பாரம் இருப்பதால் கிளைடர் அம்புபோல நேரே போகிறது. அந்தப் பாரத்தோடு அது மிதக்க முயன்றால் தலைகுப்புற விழும். பாரம் கழன்றதும் எடையின் மையம் பின்னுக்கு நகர்ந்து, சிறகு காற்றைத் தாங்கத் தொடங்குகிறது. அந்த நிலையில் மோட்டாரின் வேகத்தோடு ஏற முயன்றால் கரணமடித்துவிடும். ஏறுவதற்கு உகந்த சமநிலை வேறு, இறங்குவதற்கு உகந்த சமநிலை வேறு. ஆகாயத்தில் அதைத் திருத்த நம் கை எட்டாது. ஆகையால் தரையிலேயே திருத்திவிடுகிறோம் என்றேன். சொல்லி முடித்தபின், அந்தக் கடைசி வாக்கியம் எனக்கே யாரோ சொன்னதுபோல மனத்தில் தங்கிவிட்டது.

பறத்தலின் வரலாறும் இதையே சொல்கிறது. ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பரில் எஞ்சின் வைத்துப் பறப்பதற்கு முன், 1900 முதல் மூன்றாண்டுகள் கிட்டி ஹாக் மணற்குன்றுகளில் எஞ்சினில்லாத கிளைடர்களை வைத்துக்கொண்டு, சரிவிலிருந்து இறங்குவதையே நூற்றுக்கணக்கான தடவை பயின்றார்கள். ராக்கெட்டாக ஏறி எஞ்சினின் உதவியின்றி இறங்கிய விண்வெளி ஓடம் 1981 ஏப்ரலில்தான் முதன்முதல் விண்ணுக்குப் போயிற்று. ஆனால் அதற்கு நான்காண்டுகள் முன்பே, 1977-ல், எண்டர்பிரைஸ் என்ற ஓடத்தை ஒரு போயிங் 747 விமானத்தின் முதுகில் ஏற்றிக் கொண்டுபோய், கலிபோர்னியாப் பாலைவனத்துக்கு மேலே கழற்றிவிட்டு, இறங்கும் வித்தையைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அந்த எண்டர்பிரைஸ் ஒருபோதும் விண்ணுக்குச் செல்லவில்லை. இறங்குவதற்காகவே பிறந்து, தனக்குப்பின் வந்த ஓடங்கள் பத்திரமாகத் தரைசேர வழிகாட்டிவிட்டு அமைந்துவிட்டது.

ஆறு மாலைகள் நாங்கள் கிளைடரை எறிந்தோம். முதலில் அது மூக்கைத் தூக்குவதும், தயங்குவதும், விழுவதுமாக அலைபோலப் போயிற்று. மிளகளவு களிமண்ணை மூக்கில் அப்பினோம். அடுத்த எறிதலில் நேரே புல்லில் குத்திற்று. அதில் பாதியைக் கிள்ளி எடுத்தோம். அது சரியானபோது எங்களுக்குச் சொல்லாமலே தெரிந்தது. கையைவிட்டுப் போன மரம், அவசரமில்லாத ஒரு பிராணியைப்போலப் புல்லுக்கு ஒரு முழம் மேலே நெடுந்தூரம் சென்று, சப்தமின்றி அமர்ந்தது.

ஆனால் என் ஆசை ஒரு பிழைக்கு இடங்கொடுத்துவிட்டது. பேத்திக்குப் பிடித்த சிவப்பு நிறத்தைக் கிளைடருக்குப் பூசும்போது, மோட்டார்க் கூடு மாட்டிக்கொள்ளும் மரக்கொக்கியின் மேலும் பளபளப்பாக இரண்டு பூச்சுப் பூசினேன். நகரத்துக்கு வெளியே, அறுவடை முடிந்த வயலொன்றில், உரியவரின் அநுமதி பெற்று, செங்குத்தான கம்பியில் அதை நிறுத்தி, ஐந்து மீட்டர் தள்ளி நின்று, மின்விசையை அவள் அழுத்தினாள். சீறிக்கொண்டு ஏறிற்று, கண் தொடர்வதற்குள் சிறு புள்ளியாயிற்று. உச்சியில் வெடி வெடித்தது. கூம்பும் நாடாவும் முன்னே பாய, அந்த எதிர்விசையால் கூடு பின்னுக்கு நழுவிக் கொக்கியைவிட்டு விலகவேண்டிய க்ஷணம் அது. பூச்சினால் இறுகிப்போன கொக்கி அதை விடவில்லை. தயங்கித் தொங்கிய கூட்டின் நாடா கிளைடரின் வாலைச் சுற்றிக்கொள்ள, இரண்டும் ஒன்றையொன்று பற்றியபடி சுழன்று சுழன்று விழுந்தன. இப்படி நேர்வதை ராக்கெட் பழகுவோர் ‘ரெட் பேரன்’ என்கிறார்கள். முதல் உலக யுத்தத்தில் எதிரி விமானங்களை வீழ்த்திய ஜெர்மானிய வீரரின் பட்டப்பெயர் அது. தன்னை ஏற்றிவிட்ட கூடே தன்னை வீழ்த்திவிட்டது என்பதற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அகப்படாதுதான்.

முறிந்த சிறகைக் கையில் ஏந்திக்கொண்டு அந்தத் தாளடி வயலில் நின்றபோது என் மனம் ஜூன் மாதத்தை நினைத்தது. முப்பத்தோர் ஆண்டுகளாக உத்தியோகம் என்னைத் தூக்கிச் சென்றிருக்கிறது. அதன் பாரம் மூக்கில் இருந்ததனால்தான் நான் நேராகச் சென்றேன். அதற்கு நான் நன்றியுள்ளவன். ஆனால் அதனோடு என்னைப் பிணைத்திருக்கும் கொக்கியின்மேல் ஆண்டுதோறும் எத்தனை பூச்சுப் பூசியிருக்கிறேன்! பெயர்ப்பலகை ஒரு பூச்சு, ‘நீங்கள் இல்லாவிட்டால் நடக்காது’ என்று சகாக்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஒரு பூச்சு. எனக்குத் தெரிந்த நல்லவர்கள் பலர், ஓய்வு பெற்ற மறுநாளும் மனத்தளவில் ஆபீசுக்குப் போய்க்கொண்டே இருந்து, விட்ட வேலையும் விட்டவரும் ஒன்றுக்கொன்று பாரமாகி, சுழன்று விழுந்ததைக் கண்டிருக்கிறேன். அவர்கள் ஏற்றத்தில் எந்தக் குறையும் இல்லை. இறங்குவதைத் தரையில் நின்று யாரும் அவர்களுக்குப் பழக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பள்ளி தொடங்கி ஏறுவதற்கென்றே இத்தனை பயிற்சிகளை வகுத்திருக்கும் நாம், அதைக் காட்டிலும் நீண்டதாகிய பகுதியைத் தானாக வந்துவிடும் என்று நம்பி விட்டுவிடுகிறோம்.

ஆகவே, என்னைக் கையால் எறிந்து பார்க்கத் தீர்மானித்தேன். வெள்ளிக்கிழமைகளில் வேலைக்கு வருவதில்லை என்று மேலதிகாரியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் வெள்ளிக்கிழமை, பத்து மணிக்குள் மூன்று தடவை அலுவலகத் தபாலைப் பார்த்தேன்; பிற்பகலில் காரணமில்லாத சோர்வு வந்து கவிந்தது. கிளைடர் மூக்கைத் தூக்கித் தூக்கி விழுந்ததே, அதே அலைதான். மிளகளவு பாரம் வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்து நூலகத்தில் மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தர ஒரு மணி நேரம் ஒப்புக்கொண்டேன். ஆர்வத்தில் அதை நான்கு மணியாக்கியபோது மறுபடி பழைய பாரமாயிற்று. பாதியைக் கிள்ளி எடுத்தேன். என் கீழ் வேலை பார்க்கும் இளம் எஞ்சினீயரிடம் இரண்டு பாலங்களின் கணக்கை முழுதாக ஒப்படைத்துவிட்டு, அவர் கேட்டாலன்றித் திறந்து பார்ப்பதில்லை என்று விரதம் பூண்டிருக்கிறேன். கொக்கியைத் தேய்ப்பது சுலபமான காரியமன்று. ஆனாலும் ஜூன் மாதத்துக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.

கிளைடரின் கொக்கியை அன்றிரவே உப்புத்தாளால் தேய்த்தோம். பூச்சு போய், அடிமரம் தெரிந்து, அசைத்த மாத்திரத்தில் கூடு தன் பாரத்தாலேயே நழுவி விழும்வரை தேய்த்தோம். முறிந்த சிறகை ஒட்டி, ஒட்டின இடத்தின் கனத்துக்கு ஏற்றபடி மீண்டும் எறிந்து சரிபார்த்துக்கொண்டு, அடுத்த வாரம் அதே வயலுக்குப் போனோம். காற்று ஓய்ந்த மாலை நேரம். ஒரு விநாடி சீறல்; இரண்டு விநாடி நிசப்தம்; பிறகு மிக மெல்லிய ஒரு ‘பட்’. நாடா ஒன்று தனியே பிரிந்து படபடத்துக்கொண்டு கீழே வர, சிவந்த சிறகு தன் முதல் வட்டத்தைத் தொடங்கிற்று. அதற்குமேல் அதற்கு எந்த உந்துதலும் இல்லை. இறங்கிக்கொண்டே இருந்ததனால்தான் அது பறந்துகொண்டிருந்தது. பேத்தி விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பதுக்குமேல் குரலைத் தாழ்த்தி எண்ணினாள்.

அது அமர்ந்த இடத்தை நோக்கி நான் நடந்தேன். அவளோ எதிர்த்திசையில் ஓடி, தாளடிகளுக்கு நடுவே விழுந்து கிடந்த மோட்டார்க் கூட்டைத் தேடி எடுத்து, சுட்டுப்போன குழாயை என் கையில் கொடுத்துவிட்டு, கூட்டுக்குள் ஊதிப் பார்த்து, “தாத்தா, இது நன்றாக இருக்கிறது. அடுத்த கிளைடருக்கு இதையே வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டாள். வைத்துக்கொள் கண்ணு என்றேன்.