மாங்காய்த் திருடனும் சென்னைப் பல்கலைக்கழகமும்

செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதே நாள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிறந்தநாள் என்பது அங்கே படித்தவர்களிலேயே பலருக்குத் தெரியாது. 1857 செப்டம்பர் 5 அன்று சட்டத்தால் பிறந்த நிறுவனம் அது. யாருடைய பிறந்தநாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோமோ, அந்த ராதாகிருஷ்ணனும் அதன் பட்டதாரிதான். வேதாந்தத்தின் அறநெறி பற்றி 1908இல் வெளிவந்த அவருடைய முதல் நூல், அதன் எம்.ஏ. பட்டத்துக்காக எழுதிய ஆய்வுரை. மாணவரின் புகழ் படிக்கவைத்த இடத்தின் பிறந்தநாளை மறைத்துவிட்டது!

இருக்கட்டும். பிறந்தநாள் என்றால் வயது கேட்பார்கள். கேட்டதுமே பழைய தத்துவச் சிக்கல் ஒன்று தலைநீட்டும். வயது எதற்கு? 1857இல் இருந்ததில் இன்று மிச்சமிருப்பது எது?

கட்டடம் இல்லை. சேப்பாக்கத்து செனட் ஹவுஸைக் கட்டடக் கலைஞர் சிஸம் கட்டியது 1874க்கும் 1879க்கும் இடையில். பாடம் நடத்துவதும் இல்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்ததால் தேர்வு வைப்பது, பட்டம் கொடுப்பது, இவ்வளவுதான் தொடக்கத்தில் அதன் வேலை. கரும்பலகையும் சாக்பீஸும் கல்லூரிகளின் பாடு. ஆள்கிற எல்லையும் அதே எல்லை இல்லை. 1916இல் மைசூர், 1926இல் ஆந்திரா, 1966இல் மதுரை, 1982இல் கோவையும் திருச்சியும் எனப் புதிய பல்கலைக்கழகங்கள் வர வர, அது சுருங்கிக்கொண்டே வந்தது. 1857இன் ஆட்களில் ஒருவரும் இல்லை.

பௌத்தர்கள் இந்தக் கேள்வியை விளக்கை வைத்துப் பேசினார்கள். பாலி மொழியில் உள்ள மிலிந்தன் கேள்விகள் என்ற நூலில் நாகசேன பிக்கு கிரேக்க அரசன் மிலிந்தனைக் கேட்கிறார்: இரவு முழுதும் எரியும் விளக்கில் முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றா? ஒன்றும் அல்ல, வேறும் அல்ல என்பது அவர் காட்டும் முடிவு. இருப்பது ஓட்டம் மட்டுமே; ஓடுகிற பொருள் என்று தனியாக எதுவும் இல்லை.

எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? கணந்தோறும் எல்லாம் அழிந்தால் வினை செய்தவன் ஒருவன், பலனை அனுபவிப்பவன் இன்னொருவன் என்றாகிவிடுமே என்று மடக்கினார்கள். செய்தது வீணாகும், செய்யாதது வந்து தலையில் விழும். சைவ சித்தாந்தியான அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் பௌத்தர்களை வரிசையாக நிறுத்தி மறுத்திருக்கிறார். மனிதரைப் பற்றிய வழக்கில் சித்தாந்திகளின் கேள்வியைத் தள்ளிவிடுவது எளிதல்ல.

ஆனால் நிறுவனத்தைப் பற்றிய வழக்கில் நாகசேனர் பக்கமே தராசு சாய்கிறது. 1857ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகத்துக்கு ஆன்மா எதையும் கொடுக்கவில்லை. ஒரு பெயரைக் கொடுத்தது, ஒரு பொது முத்திரையைக் கொடுத்தது, ஆள் மாறினாலும் அறுபடாத தொடர்ச்சியைக் கொடுத்தது. அறுபடாத அந்த ஓட்டத்தைப் பௌத்தர்கள் சந்தானம் என்று சொன்னதை வெள்ளைக்காரச் சட்டம் தன் பாஷையில் சொல்லிவிட்டது.

அப்படியானால் பொறுப்பு? அதற்கும் நாகசேனரிடம் ஒரு கதை உண்டு. மாங்காய் திருடிப் பிடிபட்டவன், "நட்டவர் நட்டது வேறு மாங்காய், நான் பறித்தது வேறு மாங்காய்" என்று வாதாடினால் விட்டுவிடுவோமா? மாட்டோம். நட்ட காயிலிருந்துதானே பறித்த காய் வந்தது!

இந்த மாங்காயை வைத்துக்கொண்டு கணித மேதை ராமானுஜனைப் பார்க்க வேண்டும். 1906இல் பச்சையப்பன் கல்லூரி மாணவராக அவர் எழுதிய எப்.ஏ. தேர்வு சென்னைப் பல்கலைக்கழகம் நடத்தியது. கணக்கு வந்தது, உடலியல் வரவில்லை. பெயில். 1907இல் மறுபடி எழுதினார். மறுபடியும் பெயில். பிறகு துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா வேலை. 1913இல் அதே பல்கலைக்கழகம், எந்தப் பட்டமும் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அவருடைய நோட்டுப் புத்தகங்கள் இன்று அதன் நூலகத்தின் பெருமை.

பெயிலாக்கியதும் உதவித்தொகை தந்ததும் ஒரே பல்கலைக்கழகமா? 75 ரூபாய்க்கு மட்டும் உரிமை கொண்டாடிவிட்டு 1906ஐப் பற்றிக் கேட்டால் "அது அந்தக் காலத்து ஆட்கள்" என்று நழுவுவது, சாட்சாத் மாங்காய்த் திருடனின் வாதம். விழா மலர்களில் அந்த வாதம்தான் வழக்கமாக ஜெயிக்கிறது.

இந்தப் பொறுப்பைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர் தத்துவத் துறைக்குப் போக வேண்டாம், தேர்வுப் பிரிவுக்குப் போனால் போதும். அரசு வேலையில் சேர்ந்த ஆசிரியரின் பட்டத்துக்கு உண்மைத்தன்மைச் சான்று கேட்டுக் கடிதம் வரும். பட்டத்தில் கையெழுத்துப் போட்ட துணைவேந்தர் காலமாகியிருக்கலாம். தாள் திருத்தியவர் யாரென்றே தெரியாது. ஆனாலும் பழைய பதிவேட்டை எடுத்து, பதிவு எண்ணில் விரலை வைத்து, பெயரையும் வகுப்பையும் ஒத்துப்பார்த்து, "ஆம், இது நாங்கள் கொடுத்ததுதான்" என்று முத்திரை குத்துகிறார் ஓர் எழுத்தர். அந்த "நாங்கள்" என்ற சொல்லுக்குத்தான் இத்தனை வயது.

அப்படிப் பட்டம் பெற்றவர்களின் வரிசையில் தலைப்பில் இருக்கிற இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள்: சி.வை. தாமோதரம் பிள்ளையும், அவருடைய ஆசிரியர் விசுவநாத பிள்ளையும். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே முதல் பட்டதாரிகள் ஆனார்கள். சைவரான தாமோதரம் பிள்ளை பிற்பாடு பதிப்பித்த நூல்களில் ஒன்று, 1881இல் வந்த வீரசோழியம். பௌத்தரான புத்தமித்திரர் இயற்றிய இலக்கணம் அது. வாதத்தில் பௌத்தரோடு மோதிய மரபைச் சேர்ந்தவர், அவர்களுடைய நூல் அழியாமல் பார்த்துக்கொண்டார்.

செப்டம்பர் 5க்கு மலர் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ராமானுஜன் படத்துக்குக் கீழே 1913 என்று அச்சிடும்போது, பக்கத்திலேயே 1906, 1907 என்ற இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் போடுங்கள்.