ஸ்டியரிங் பிடிக்காதவர்கள்

லாரி கம்பெனிக்குப் புதிதாக ஒரு மேனேஜர் வருகிறார் என்றால் டிரைவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "வண்டி ஓட்டியிருக்காருங்களா?" என்ன படித்தவர், எந்த ஊர்க்காரர் என்பதெல்லாம் அப்புறம். எந்தச் சாதி என்று கேட்கவே வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் முதலாளியின் சாதியாகத்தான் இருக்கும். நாமக்கல்லில் ஒரு லாரி கம்பெனி அலுவலகத்தில் நான் 19 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதற்குள் மூன்று மேனேஜர்கள் வந்தார்கள். மூன்று முறையும் அந்தக் கேள்வி என் மேசைக்குத்தான் முதலில் வந்தது.

அதை வம்புக் கேள்வி என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. ஒரு வேலையைச் செய்தே பார்க்காதவருக்கு, அதைச் செய்கிறவர்மேல் அதிகாரம் செய்ய என்ன யோக்கியதை இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். ஒருநாளும் உலை வைத்துப் பார்க்காதவர் "பத்துப் பேர் வர்றாங்க, ஒரு மணி நேரத்துல சமைச்சிடு" என்று சொல்லும்போது நமக்குப் பற்றிக்கொண்டு வருமே, அதே கோபம். ஆனால் நியாயமான அந்தக் கேள்வியே ஒருநாள் என் முன்னால் கதவாக நின்றது. அதனால்தான் அதை இவ்வளவு யோசிக்கவேண்டி வந்தது.

எங்கள் முதலாளி கிளீனராகத் தொடங்கியவர். டிரைவராகி, கடன்பட்டு ஒரு பழைய வண்டி வாங்கி, அதை முப்பது வண்டியாகப் பெருக்கியவர். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் இது அபூர்வமான கதை அல்ல. (முதல் வண்டிக்காக அடகுக்குப் போன நகை யார் கழுத்தில் இருந்தது என்பது மட்டும் அந்தக் கதையில் வராது.) அவர் திட்டினாலும் டிரைவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். "அவரு பட்டவருங்க" என்பார்கள். வயதான பிறகு அவர் மேனேஜராகக் கொண்டுவந்தது தன் மருமகனை. கோவையில் எம்.பி.ஏ. படித்தவர், கெட்டவர் அல்ல. வண்டி ஓட்டாதவர்.

அவர் முதலில் கைவைத்தது டீசலில். எல்லா வண்டிக்கும் ஒரே மைலேஜ் என்று ஒரு கணக்குப் போட்டார். அதற்குமேல் குடித்த டீசலுக்கான பணம் டிரைவரின் பேட்டாவில் கழியும். லோடு எவ்வளவு, எந்த மலையில் ஏறுகிறது, எந்த ஊர் நோ என்ட்ரியில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்ற பேச்சே அந்தக் கணக்கில் கிடையாது. பிறகு 2018-இல், நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்ற விதி தளர்ந்ததும், ஒரு டிரைவரைக் குறைத்தார். டிரைவருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்றது அப்போது நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். அந்தச் சட்டத்தின் பெயரை எங்கள் அலுவலகத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வடக்கேயிருந்து திரும்பும் வண்டிகள் தருமபுரியைத் தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கித்தான் சேலம் வரவேண்டும். தொப்பூர் விபத்துகளைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். வண்டியை நியூட்ரலில் விட்டால் இறக்கம் முழுக்கச் சொட்டு டீசல் மிஞ்சும். கியரில் இல்லாத வண்டியை பிரேக் ஒன்றே பிடித்து நிறுத்தவேண்டும். சூடேறிய பிரேக் ஒரு கட்டத்தில் பிடிக்காது. இது எல்லா டிரைவருக்கும் தெரியும். தெரிந்தும் சிலர் நியூட்ரலில் விட்டார்கள். எங்கள் வண்டி ஒன்று அங்கே முன்னால் போன வண்டியில் மோதி, டிரைவருக்குக் கால் போனது. "நான் அவரை நியூட்ரல்ல ஓட்டச் சொன்னனா?" என்று மேனேஜர் கேட்டார். வாய்விட்டு அவர் சொல்லவில்லைதான். அவர் போட்ட மைலேஜ் கணக்கு சொன்னது. உத்தரவு ஒரு அறையில் பிறக்கிறது, அதன் விலையை வேறு ஓர் உடல் கொடுக்கிறது. தலைமை என்று நாம் மரியாதையாகச் சொல்வதில் உள்ள அறச்சிக்கல் எனக்குப் புரிந்த அளவில் இவ்வளவுதான்.

அந்த விபத்துக்குப் பிறகு டிரைவர்கள் பத்துப் பேர் முதலாளியிடம் போய், ஓட்டித் தெரிந்த ஒருவரை மேனேஜராகப் போடச் சொன்னார்கள். முதலாளியும் கேட்டார். 22 ஆண்டு வண்டி ஓட்டிய ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்கு ஆபீசில் எல்லோருக்கும் லட்டு.

அஞ்சல் வழியில் அரசியல் அறிவியல் படித்தபோது அரிஸ்டாட்டிலின் 'அரசியல்' நூலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன், பெரும்பாலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில். பணிந்து நடந்து பழகாதவனால் நன்றாக ஆள முடியாது, குதிரைப்படைத் தலைவனின்கீழ் இருந்துதான் குதிரைப்படையை நடத்தக் கற்கவேண்டும் என்ற கருத்து அதில் வருகிறது. எங்கள் டிரைவர்கள் சொன்னதும் அதுதான். அதே நூலின் முதல் பகுதியில், பெண்ணுக்கு யோசித்து முடிவெடுக்கும் திறன் உண்டு, ஆனால் அதற்கு அதிகாரம் கிடையாது என்றும் அவர் சொல்லிவிடுகிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. பணிந்து பழகியவர்தான் ஆளத் தகுந்தவர் என்றால், உலகத்தில் பெண்களைவிட அதிகம் பழகியவர் யார்? அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

ஆனால் பட்டவர் நல்லபடி ஆள்வார் என்பதும் உறுதியில்லை. இதைத் தெரிந்துகொள்ள கிரேக்கம்வரை போகவேண்டாம், மாமியாரைப் பார்த்தாலே போதும். ஒவ்வொரு மாமியாரும் ஒருகாலத்தில் மருமகள்தானே! புதிய மேனேஜர் மைலேஜ் கணக்கை எடுக்கவில்லை. எந்த பங்கில் டீசல் விற்பார்கள், எந்த தாபாவில் வண்டியைப் போட்டுத் தூங்குவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கணக்கு இன்னும் இறுகியது. லீவு கேட்டால், "எம் பொண்ணு பொறந்தப்ப நான் நாக்பூர்ல லோடு எறக்கிட்டு இருந்தேன், எனக்கு யாரு லீவு குடுத்தா?" என்பார். தான் பட்ட பாட்டை அவர் அளவுகோலாக்கிக்கொண்டார். யாரும் படக்கூடாத பாடு அது என்று அவருக்குத் தோன்றவேயில்லை. மருமகன் காலத்தில் டிரைவர்கள் "அவருக்கு என்னங்க தெரியும்" என்று ஆறுதல் பட்டுக்கொண்டாவது இருந்தார்கள். இவரிடம் அதற்கும் வழியில்லை.

உடம்பு முடியாமல் அவர் நின்றுவிட்டார். ஆள் கிடைக்கும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி முதலாளி என்னிடம் விட்டார். எட்டு மாதம். லோடு பேசுவது, டிரிப் பணம் போடுவது, ஃபாஸ்டேக்கில் இருப்பு வைப்பது, நடுவழியில் நின்ற வண்டிக்கு மெக்கானிக் பிடிப்பது. இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும். முடியும் நேரத்துக்கு முன்போ பின்போ 8 மணி நேரத்துக்குள் நீட்டிக்கவேண்டும், தவறினால் செக்கிங்கில் வண்டி நிற்கும். இரவு ஒரு மணிக்கு எழுந்து நீட்டித்துவிட்டுப் படுப்பேன். இதெல்லாம் எனக்குப் புது வேலை அல்ல. முன்னிருந்த இரண்டு மேனேஜர்களும் போனை என்னிடம் நீட்டிவிட்டுப் போனவர்கள்தான். நானாகச் செய்த ஒரே காரியம், மைலேஜ் கணக்கில் தொப்பூர் வழியாக வரும் டிரிப்புகளுக்குத் தனிக் கட்டம் போட்டு, அந்தத் தூரத்துக்குப் பிடித்தம் இல்லை என்று எழுதியது. கியரில் இறங்கிக் கூடுதலாகும் டீசல் ஒரு மாதத்துக்கு எவ்வளவு என்று கூட்டிக் காட்டினேன். ஒரு டயர் விலைகூட இல்லை. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை.

ஆயுத பூஜை அன்று டிரைவர்கள் எல்லோரும் இருந்தபோது, "இந்தப் புள்ளையவே போட்டறலாமா?" என்று அவர் கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மூத்தவர் ஒருவர் சொன்னார்: "அக்கா தங்கமானவங்க. கொறை ஒண்ணும் சொல்றதுக்கில்லைங்க. ஆனா வண்டி ஓட்டாதவங்க பாருங்க." இன்னொருவர்: "ராத்திரி செக்போஸ்ட்ல ஒரு பிரச்சினைன்னா அக்கா வந்து நிப்பாங்களா?"

எந்த மேனேஜரும் எந்த ராத்திரியிலும் எந்த செக்போஸ்ட்டிலும் வந்து நின்றதில்லை. கேட்டவருக்கே அது தெரியும். ஆந்திர எல்லையில் அவர் வண்டியைப் பிடித்து வைத்திருந்தபோது விடிய விடிய அவரோடு போனில் இருந்தது நான்தான். ஆனாலும் அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குப் படவில்லை. மேனேஜர் என்றதும் அவர் மனதில் ஓர் ஆண் உருவம் எழுகிறது. அது செக்போஸ்ட்டில் நிற்கிறது. நான் செய்தது அவருக்கு உதவியாகத் தெரிந்தது, நிர்வாகமாகத் தெரியவில்லை. அம்மா சமைப்பதை யாரும் தொழில் அனுபவம் என்று எழுதுவதில்லையே.

பெண் ஓனராக இருப்பதில் ஒருவருக்கும் ஆட்சேபம் கிடையாது என்பதையும் சொல்லவேண்டும். பத்து வண்டிக்கு மேல் போகாதவருக்கு வருமான வரியில் 44ஏஇ பிரிவு எளிய கணக்கைத் தந்தது. அதனால் முப்பது வண்டியில் பத்து முதலாளியின் மனைவி பெயரில், பத்து மகள் பெயரில் இருந்தன. ஆர்.சி. புத்தகத்தைத் திறந்தால் பெண் முதலாளிகள். வண்டியின் நெற்றியில் எழுதியிருப்பதும் பேத்தியின் பெயர். அந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்க நான்தான் வீட்டுக்குப் போவேன். "எங்க போடோணும் சொல்லு கண்ணு" என்பார், எதற்கு என்று கேட்கமாட்டார். ஒருமுறை மட்டும், "எம் பேர்ல இருக்கற வண்டியெல்லாம் எது எதுன்னு ஒரு நாளைக்குக் காட்டேன்" என்றார்.

சரி, நான் ஏன் வண்டி ஓட்டவில்லை? சட்டம் தடுக்கவில்லை. 1993-லேயே வசந்தகுமாரி தமிழக அரசுப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். ஆனால் லாரி டிரைவர் டிரைவிங் ஸ்கூலில் உருவாவதில்லை. பதினைந்து பதினாறு வயதில் கிளீனராக ஏறி, டயர் மாற்றி, கேபினில் டிரைவருக்குப் பக்கத்தில் தூங்கி, ரோட்டோரம் குளித்து, நடுராத்திரி ஆளில்லாத ரோட்டில் "கொஞ்சம் புடி பாக்கலாம்" என்று ஸ்டியரிங் கைமாறித்தான் அந்தக் கல்வி நடக்கிறது. அந்தப் பள்ளியில் எந்தப் பெண் சேரமுடியும்? ஒன்றுக்குப் போக இடமில்லாத பள்ளி அது. அனுபவம் கேட்பது நியாயம்தான், ஆனால் அனுபவத்துக்குப் போகிற பாதை யார் காலுக்குத் திறந்திருக்கிறது என்று கேட்காதவரை அந்த நியாயம் பாதிதான்.

அரிஸ்டாட்டிலை நான் முழுக்க விட்டுவிடவில்லை. அதே நூலில் இன்னோர் இடம் உண்டு. வீட்டைக் கட்டியவனைவிட அதில் குடியிருப்பவன் அதைச் சரியாக எடைபோடுவான், சுக்கானைச் செய்த தச்சனைவிட அதைப் பிடிக்கும் மாலுமி, சமையல்காரனைவிட விருந்துண்பவன் என்கிறார். எனக்கு இது அந்தக் குதிரைப்படை வாதத்தைவிடப் பிடித்திருக்கிறது. மேனேஜர் வண்டி ஓட்டியிருக்கவேண்டும் என்பதில்லை. அவரை எடைபோடும் உரிமை வண்டி ஓட்டுகிறவர்களிடம் இருக்கவேண்டும். மைலேஜ் கணக்கு போடுவதற்குமுன் அவர்களைக் கேட்கவேண்டும், போட்டபின் அது வேலைக்காகவில்லை என்று அவர்கள் சொன்னால் எடுக்கவேண்டும். ஒருவரை இறக்கிவிடவும் அவர்களுக்கு வழி இருக்கவேண்டும்.

அப்படி ஓர் உரிமை இருந்திருந்தால் முதலில் கழிக்கப்படுவது நானாகத்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். பல நாள் இது உறுத்தியது. என்னை வேண்டாம் என்றவர்களுக்காகவா வாதாடுகிறேன்? ஆனால் மாலுமி எடைபோடுவது தன் கையில் பிடித்து ஓட்டிப் பார்த்த சுக்கானை. செய்தவன் ஆணா பெண்ணா என்பதை அல்ல. எட்டு மாதம் அவர்கள் என்னை ஓட்டிப் பார்த்தார்கள். அதைப்பற்றிக் கேட்டபோது கிடைத்த பதில் "கொறை ஒண்ணும் சொல்றதுக்கில்லை." தீர்ப்பு அதோடு முடிந்திருக்கவேண்டும். "ஆனா" என்று தொடங்கியது அவர்களுடைய அனுபவத்திலிருந்து வந்ததல்ல; அவர்கள் என்னோடு வேலை செய்யத் தொடங்குவதற்கு எவ்வளவோ முன்பே அவர்களுக்குள் இருந்தது. உரிமை அவர்களுக்கு வேண்டும் என்று இப்போதும் சொல்வேன். அந்த "ஆனா"வோடு சண்டை போடும் உரிமை எனக்கும் வேண்டும்.

விருந்துண்பவர்கள் என்றால் டிரைவர்கள் மட்டும்தானா என்பது அடுத்த கேள்வி. மாதக் கடைசியில் ஆபீஸ் போனுக்கு வரும் அழைப்புகளில் பாதி டிரைவர்களின் மனைவிமாருடையது. வண்டி எங்கே நிற்கிறது, பணம் எப்போது போடுவீர்கள், பையனுக்குக் காய்ச்சல், அவர் போன் ஏன் ஆஃப் ஆகியிருக்கிறது. இரண்டு டிரைவர் ஒன்றானதன் விலையை அந்தப் பெண்களும் கொடுத்தார்கள். தொப்பூரில் கால் போனவருடைய மனைவி இன்று கோழிப்பண்ணை வேலைக்குப் போகிறார். மேனேஜர் எப்படி இருக்கவேண்டும் என்று இவர்களை யாரும் கேட்டதில்லை. நான் ஒருவரிடம் கேட்டேன். "எவரு வந்தா எனக்கென்னங்க்கா. இந்த மாசம் எத்தனாந்தேதி வூட்டுக்கு அனுப்புவீங்கன்னு சொல்றவரு வந்தாச் சரி" என்றார். 19 ஆண்டுகளில் நான் கேட்ட எந்தத் தகுதியும் இவ்வளவு துல்லியமாக இருந்ததில்லை.

மூன்றாவதாக வந்தவர் ஒரு பார்சல் சர்வீசிலிருந்து வந்தார். வண்டி ஓட்டாதவர். டிரைவர்கள் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் அவருக்கு வேலை சொல்லிக் கொடுத்துவிட்டு நான் நின்றுவிட்டேன். இப்போது நாலைந்து சிறு ஓனர்களுக்கு வீட்டிலிருந்தே கணக்கும் இ-வே பில்லும் பார்க்கிறேன். அதில் ஒருவர், தன் பெயரில் உள்ள வண்டிகளைக் காட்டச் சொன்ன அந்த அம்மா. முதலாளி போன பிறகு மூன்று வண்டியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மருமகனிடம் விட்டுவிட்டார். கையெழுத்துப் போடுமுன் இப்போதெல்லாம் தாளைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறார். போன வாரம் ஒரு புது டிரைவர் வேலை கேட்டு வந்திருக்கிறார். முதல் கேள்வியாக அவர் கேட்டது, "மேனேஜர் யாருங்க?" அந்த அம்மா எனக்குப் போன் போட்டு, "உம் பேரச் சொல்லியிருக்கேன், சம்மதம்னா நாளைக்கு வரச் சொல்றேன்" என்றார்.