ஒரே ஒரு குதிரை

எங்கள் தெருமுனை அங்கன்வாடியில் ஒரு மரக்குதிரை இருக்கிறது. அங்கன்வாடி என்று பலகையில்தான் எழுதியிருக்கிறது. ஊருக்கு அது இன்னமும் பால்வாடி. குதிரைக்கு ஒரு காது இல்லை. வால் இருந்த இடத்தில் ஆணித் துளை. அடியில் வளைந்த கட்டை மட்டும் உறுதியாக இருப்பதால் ஏறி உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடலாம். 22 பிள்ளைகள், ஒரு குதிரை.

என் மகள் வயிற்றுப் பேரனை மூன்று வயது நிறைந்ததும் அங்கே சேர்த்தோம். கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் என் வேலை. அவன் அங்கே பழகிய பிறகு பல நாள் வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தக் குதிரைக்காகப் பிள்ளைகள் போட்ட சண்டையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இழுப்பது, தள்ளுவது, தலைமுடியைப் பிடிப்பது. ஓய்வூதியம் வந்த அன்று டீச்சரிடம் போய், "இன்னொரு குதிரை நான் வாங்கித் தர்றேம்மா" என்றேன்.

"வேண்டாங்கய்யா. ரெண்டாவது குதிரை வந்தா சண்டை நின்னுடும். பேச்சும் நின்னுடும்" என்றார் அவர்.

எனக்கு அது அப்போது விளங்கவில்லை. கொடுக்க வந்ததை மறுக்கிறாரே என்று மனம் சற்றுச் சுணங்கியது. வெகுநாள் கழித்து மரியா மாண்டிசோரியைப் பற்றிப் படித்தபோதுதான் புரிந்தது. 1939இல் சென்னைக்கு வந்து, அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். உலகப் போர் மூண்டிருந்ததால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அவருடைய முறைப்படி நடக்கும் வகுப்பறையில் ஒவ்வொரு கருவியும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒரு பிள்ளை எடுத்து வேலை செய்து, எடுத்த இடத்தில் திரும்ப வைக்கும்வரை அடுத்த பிள்ளை காத்திருக்க வேண்டும். காசு இல்லாமல் அப்படி வைக்கவில்லை, வேண்டுமென்றே வைத்தார். எங்கள் டீச்சர் மாண்டிசோரியைப் படித்தவரா என்று நான் கேட்டதில்லை. 20 வருடமாகப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருப்பவர். அந்தத் தரையிலிருந்தே கற்றிருப்பார்.

குதிரைக்கு அவர் வைத்த சட்டம் எளிமையானது. ஆளுக்கு 20 ஆட்டம். அடுத்து ஏறப்போகிற பிள்ளைதான் எண்ண வேண்டும். என் பேரன் எண்ணும்போது எட்டுக்கு அடுத்து பதினைந்து வந்துவிடும். மேலே உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளை இறங்க மாட்டாள். "நீ ஒம்பது சொல்லல" என்பாள். அவன் சொன்னேன் என்பான். டீச்சர் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருப்பார். கை ஓங்கினால் மட்டும் எழுந்து வருவார். எனக்கோ ஒவ்வொரு நிமிடமும் போய் விலக்கிவிடத் தோன்றும்.

குதிரைக்கு வரிசையில் நிற்பது பிறகு. அதற்கு முன்னால் என் பேரன் வேறொன்றுக்குக் காத்திருக்கக் கற்க வேண்டியிருந்தது. எனக்காக.

முதல் நாள் அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: "அவன் பாக்காத நேரமா நைசா கிளம்பிடுங்க." அப்படியே செய்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடியே இருந்தானாம். மறுநாள் வீட்டிலேயே என் வேட்டியைப் பிடித்தவன் விடவில்லை. தூக்கத்தில்கூட என் சட்டையை முறுக்கிப் பிடித்திருந்தான். மூன்றாம் நாள் டீச்சர் சொன்னார்: "சொல்லிட்டுப் போங்கய்யா. அழுவான், அழட்டும். ஆனா சொன்ன நேரத்துக்கு வந்துருங்க." மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு எந்த நேரத்தைச் சொல்வது? சாப்பிட்டு, தூங்கி, எழுந்து, முகம் கழுவியதும் தாத்தா வாசலில் இருப்பேன் என்று சொன்னேன். மழை கொட்டிய அன்றும் முகம் கழுவும் நேரத்துக்கு வாசலில் நின்றேன். இரண்டு வாரம் அழுதான். பிறகு அழுகை குறைந்து, "தூங்கி எழுந்ததும் வா" என்று அவனே எனக்குச் சொல்லி அனுப்பத் தொடங்கினான்.

குழந்தைகளுக்கு முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, கொஞ்ச நேரம் தொடாமல் இருந்தால் இன்னொன்று தருகிறேன் என்று சொல்லிப் பார்க்கும் சோதனையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். 1960களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் வால்டர் மிஷெல் நடத்தியது. காத்திருக்கும் பிள்ளை மன உறுதி உள்ள பிள்ளை என்றே அதைப் பலர் புரிந்துகொண்டார்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அதே சோதனையை வேறு விதமாகச் செய்திருந்தார்கள். முதலில் பிள்ளைகளிடம், படம் வரைய நல்ல பொருள்கள் கொண்டுவருகிறேன் என்று பெரியவர் ஒருவர் சொல்லிப் போவார். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மற்றவர்களிடம் வெறுங்கையோடு வந்து, இல்லை என்றார். அதன் பிறகுதான் மிட்டாய். சொன்ன சொல்லைக் காப்பாற்றியவரிடம் பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றியவரிடம் 3 நிமிடம்.

இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பொறுமை என்பது பிள்ளையின் குணம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். அதில் என் நாணயமும் சேர்ந்திருக்கிறது. ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றவனிடம் குறை எதுவும் இல்லை.

நம் வீடுகளில் விழுந்த பிள்ளையைத் தூக்கும்போது என்ன செய்வோம்? தரையை ஓங்கி நாலு அடி அடிப்போம். "என் தங்கத்தை அடிச்சியா, இந்தா வாங்கிக்க." என் அம்மா எனக்குச் செய்தாள், நான் என் மகளுக்குச் செய்தேன். அதில் இருக்கும் பாசத்தை நான் மறுக்கவில்லை. உன் பக்கம் நிற்கிறேன் என்று சொல்ல நமக்குத் தெரிந்த வழி அது. ஆனால் வலித்தால் அடிப்பதற்கு யாராவது வேண்டும் என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறோம். டீச்சர் தரையை அடிப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "விழுந்துட்டியா? எங்க வலிக்குது, காட்டு" என்பார். பிள்ளை முழங்காலைக் காட்டும். பார்ப்பார். அவ்வளவுதான். "அழாதே" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

நாமோ குழந்தையிடம் அதிகம் சொல்லும் சொல்லே அதுதான். அழுகை நிற்கவில்லை என்றால் பூச்சாண்டி, போலீஸ், ஊசி. துக்கத்தை நிறுத்தப் பயத்தைக் கூப்பிடுகிறோம். ஆண்பிள்ளை என்றால் இன்னும் ஒரு வசவு கூடும். இத்தனைக்கும் அழுகை, வெகுளி, அச்சம் மூன்றையும் நகைக்கும் உவகைக்கும் சமமாக வைத்து எட்டு மெய்ப்பாடுகள் என்று சொன்னது தொல்காப்பியம். மெய்யில் படுவது மெய்ப்பாடு. சின்னப் பிள்ளைகளைப் பார்த்தால் அந்தச் சொல் எவ்வளவு சரி என்று தெரியும். பயம் என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது, "வயிறு வலிக்குது" என்பார்கள். பெற்றவள் வேலைக்குப் போன வாரம் காய்ச்சலில் படுப்பார்கள். நம் பாட்டிமார் அதைப் பார்த்ததும் "புள்ள ஏங்கிப்போச்சு" என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். டீச்சர் அந்தப் பேரைப் பிள்ளைக்கே சொல்லிக் கொடுக்கிறார். "அம்மா ஞாபகம் வந்துருச்சா? அதான் ஏக்கமா இருக்கா?" பிள்ளை தலையாட்டும். பேர் தெரிந்ததும் வயிற்று வலி பாதி இறங்கிவிடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் மகளுக்கு நாலு வயதில் அவள் வளர்த்த கோழிக்குஞ்சு செத்துப்போனது. அழுதுகொண்டே இருந்தாள். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்ட கோபத்தில் "வாயை மூடு" என்றேன். மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு பல வருடம் அவள் என்னிடம் எதற்கும் அழுததில்லை. எவ்வளவு பக்குவம் என்று உறவுக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சேர்ந்த மூன்றாம் மாதம் பேரன் ஒரு பையனைக் கடித்துவிட்டான். குதிரைதான் காரணம். அந்தப் பையனின் அம்மா நின்றிருந்ததால் எனக்கு மானம் போய்விட்டது போலிருந்தது. தோளைப் பிடித்து உலுக்கி, "ஸாரி சொல்லு" என்றேன். "ஸாரி" என்று ராகமாகச் சொல்லிவிட்டுக் குதிரையைப் பார்த்தான். டீச்சர் கடிபட்ட பையனை மடியில் வைத்துக்கொண்டு, "எங்க கடிச்சான், அவன்கிட்ட காட்டு" என்றார். கையில் பல் தடம். பேரன் அதைப் பார்த்தான். தன் பல்லையும் தொட்டுப் பார்த்தான். "போய்த் துணியை நனைச்சு எடுத்துட்டு வா" என்றார் டீச்சர். ஓடினான். நனைத்த துணியை அவன்தான் பிடித்துக்கொண்டிருந்தான், கடிபட்டவன் போதும் என்று சொல்லும்வரை.

மூன்று வயதுப் பிள்ளைக்கு அடுத்தவர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்பது எவ்வளவு மங்கலாகத் தெரியும் என்பதை 1983இல் ஹைன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் என்ற இருவர் ஒரு கதையை வைத்தே காட்டினார்கள். ஒரு சிறுவன் சாக்லேட்டை ஓரிடத்தில் வைத்துவிட்டு வெளியே போகிறான்; அவன் இல்லாதபோது அம்மா அதை இடம் மாற்றுகிறாள்; திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? நான் வீட்டிலேயே செய்து பார்த்தேன். என் மனைவி கடலைமிட்டாயை அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். பேரன் பார்க்க, அதை எடுத்து அரிசி டப்பாவில் போட்டேன். "அம்மாச்சி வந்து எங்க தேடுவாங்க?" "அரிசி டப்பால." தனக்குத் தெரிந்தது அம்மாச்சிக்கும் தெரியும் என்று முழுதாக நம்புகிறான். இவனிடம் போய், அவனுக்கு எப்படி வலித்திருக்கும் என்று யோசி என்றால் என்ன செய்வான்? நாலு வயது தாண்டிச் சில மாதம் கழித்து மறுபடி கேட்டேன். அஞ்சறைப் பெட்டியைக் காட்டினான். அந்த மாதமே முதல் பொய்யும் சொன்னான். அம்மாச்சிக்குக் கோபம். என்னால் கோபிக்க முடியவில்லை. அடுத்தவருக்கு ஒரு தனி மனசு உண்டு என்று கண்டுபிடித்தவனால்தான் இரண்டும் முடியும், பொய்யும் பரிவும்.

பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே எவ்வளவு நல்ல ஏற்பாடுகளை வைத்திருக்கிறார்கள் என்பதைத் திண்ணையில் உட்கார்ந்துதான் மறுபடி கண்டேன். சட்டைத் துணியை மேலே போட்டுக் கடித்து மிட்டாயைப் பங்கு வைக்கும் காக்காக்கடி. கோபம் வந்தால் காய் விடுவார்கள், தணிந்தால் விரலை நீட்டிப் பழம் விடுவார்கள். காய் பழுக்க நாள் ஆகும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. சண்டை போட்ட கையோடு இரண்டு பிள்ளைகளின் கையையும் பிடித்துச் சேர்த்துவைத்து "ஃபிரண்ட்ஸ்" என்று சொல்ல வைக்கிறோமே, அது தடியால் அடித்துக் கனிய வைக்கிற வேலை. பேரனும், குதிரையிலிருந்து இறங்க மறுத்த அந்தப் பெண்பிள்ளையும் ஒருமுறை நாலு நாள் காய் விட்டிருந்தார்கள். நாலு நாளும் தூங்கும்போது பாயை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் எப்படிப் பழமானது என்று யாருக்கும் தெரியாது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது ஒப்புக்குச் சப்பாணி. அந்தப் பேர் இன்று காதுக்கு உறுத்துகிறது, உறுத்தத்தான் வேண்டும். ஆனால் பேருக்குள் இருக்கும் ஏற்பாட்டை யோசித்துப் பாருங்கள். விளையாடத் தெரியாத சின்னப் பிள்ளையையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். அவன் ஓடலாம், கத்தலாம், தொடலாம். அவனை யாரும் அவுட் ஆக்க மாட்டார்கள். இதை எந்தப் பெரியவரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. அண்ணன் தம்பி நிறைந்திருந்த வீடுகளிலிருந்து வந்த வழக்கம், ஒற்றைப் பிள்ளை வீடுகளில் போன இடம் தெரியவில்லை. பால்வாடியில் இருக்கிறது. காரணம், அங்கே இரண்டு வயதும் ஐந்து வயதும் ஒரே கூடத்தில் இருக்கின்றன. எல்.கே.ஜி.யில் வயதுவாரியாகப் பிரித்துவிட்டால் இறங்கிப்போய்க் கைபிடித்துக்கொள்ள ஒரு சின்னவன் கிடைப்பதில்லை.

அங்கன்வாடிகள் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டத்தின் கீழ் வந்தவை. தமிழ்நாட்டில் மட்டும் இன்று 54,000க்கும் மேற்பட்ட மையங்கள். 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு இந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். சோறும் முட்டையும் எடையும் ஏட்டில் ஏறுகின்றன. ஏற வேண்டியவைதான், பசியோடு இருக்கிற பிள்ளை எதையும் கற்காது. குதிரைக்குக் காத்திருந்ததை எழுத ஏட்டில் இடம் இல்லை. ஒரு டீச்சர், ஒரு ஆயாம்மா, செல்போனில் ஏற்ற வேண்டிய கணக்குகள் வேறு. வாசலில் பெற்றோர் கேட்பது, "என்ன எழுதக் கத்துக்கிட்டான்?" நானும் கேட்டிருக்கிறேன். இப்போது கேட்பது வேறு: இன்னைக்கு யார்கூட விளையாடினான்?

போன வாரம் இரண்டரை வயதில் ஒரு பெண்பிள்ளை புதிதாக வந்தாள். காலையிலிருந்து அழுகை. யாரோ தூக்கிக் குதிரையில் உட்கார வைத்தார்கள்; அழுகை மெல்ல அடங்கியது. வரிசையில் அடுத்தவன் என் பேரன். எண்ண ஆரம்பித்தான். இந்த முறை எண் எதையும் தாண்டவில்லை. பதினேழு, பதினெட்டு என்று வந்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணீர் காயாத கன்னம், கை இரண்டும் குதிரையின் கழுத்தில். "பத்தொம்பது" என்றான். குதிரை ஆடியது. "பத்தொம்பது" என்றான் மறுபடியும். அதற்கடுத்தும் பத்தொம்பதுதான். இருபது அவனுக்கு நன்றாகத் தெரியும்.