விதைநெல்லும் நீதியும்

பசி வாட்டும் காலத்திலும் விதைநெல்லைக் குற்றி உண்ணலாகாது என்பது நம் கமக்காரர் வழிவழியாகப் போற்றிவந்த நெறி. அந்நெறியை மீறிய ஒருவரையும் தமிழிலக்கியம் அறியும். விருந்தாக வந்த அடியவர்க்கு அமுதளிக்கும்பொருட்டு, பகலில் விதைத்த நெல்லை நள்ளிரவு மழையிற் சென்று வாரிக்கொணர்ந்த இளையான்குடி மாறரைச் சேக்கிழார் நாயன்மார் வரிசையில் வைத்துப் பாடினார். மறுபோகத்துக்கு அக்குடும்பம் யாது செய்திருக்கும் என்ற வினா எழுமுன்னரே இறைவன் தோன்றி அருள்செய்துவிடுகிறான். அத்தகைய அருளை எதிர்பார்க்கவியலாத நாம் அவ்வினாவைக் கேட்டே ஆகவேண்டும். இன்றைய வயிறும் நாளைய வயலும் முரண்படுங்கால், அந்த முரண்பாட்டின் சுமையை எவர் தாங்குவது?

அளவெட்டியில் நின்று இதனைச் சிந்திப்பது பொருத்தமுடையது. தவிலுக்கும் நாதசுரத்துக்கும் பெயர்பெற்ற இவ்வூர், கவிஞர் மகாகவியைத் தந்த இவ்வூர், அடிப்படையில் ஒரு கமக்கார ஊரே. மழையை நம்பிய காலபோக நெல்லும், கிணற்றை நம்பிய செம்மண் தோட்டமும் இங்கு அருகருகே கிடக்கின்றன. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் முதலிய நெல்லினங்களின் பெயர்களை முதியோர் இன்றும் உறவினர் பெயர்போலச் சொல்வர். எம் வகுப்பறை மாணவரோ நெல்லினங்களைக் கேட்டால் எழுத்துகளையும் எண்களையும் ஒப்புவிக்கின்றனர்.

அந்த எண்களுக்குப் பின்னாலும் ஒரு வரலாறு உண்டு. 1958 இல் பத்தலகொட ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட எச்-4 என்னும் நெல் இலங்கையின் விளைச்சலைப் பெரிதும் உயர்த்தியது. அதன் பெற்றோரில் ஒன்று முருங்கைக்காயன் என்னும் நாட்டு நெல். பெயர் தெரியாத கமக்காரர் பலர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துக் காத்த நெல் அது. ஆராய்ச்சியாளரின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பசித்த நாட்டுக்கு அவர்கள் சோறு தந்தனர். ஆனால் புதிய இனத்தை ஆக்கிய மூலப்பொருள் எவருடைய கையிலிருந்து வந்தது என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். புதிய விதை பரவப்பரவ அதனைப் பெற்றெடுத்த பழைய விதை வயலைவிட்டு அகன்றது. பிள்ளை வளர்ந்தபின் தாயை வீட்டைவிட்டு அகற்றுவது போன்றதொரு செயல் இது.

பன்மை அழிந்தால் நேர்வது யாதென உலகம் பலமுறை கண்டுள்ளது. 1845 இல் அயர்லாந்தில் நோய் வந்தபோது, ஏழைகள் பெரும்பாலும் ஒரே இன உருளைக்கிழங்கையே நம்பியிருந்தனர். ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மடிந்தனர். அக்காலத்திலும் அந்நாட்டிலிருந்து தானியம் கப்பலேறிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லாவிடின் பழி முழுவதும் கிழங்கின்மேல் விழுந்துவிடும். நெல்லுக்கும் ஒரு சான்று உண்டு. ஆசிய வயல்களைப் புல்குட்டை நச்சுயிரி தாக்கியபோது, பிலிப்பைன்சு ஆராய்ச்சியாளர் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நெல்வகைகளைச் சோதித்தனர். எதிர்ப்பாற்றல் தந்தது உத்தரப் பிரதேசத்திற் கிடைத்த ஒரேயொரு காட்டுநெல். எவரும் பயிரிடாத அந்தப் புல்லைச் சந்தை மதித்திருக்குமா?

நம் தோட்டங்களுக்கு வருவோம். 1970 இன் பின்னர் இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்து வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைபெற்றன. கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தனர். பூவரசங் குழையைத் தாழ்த்திய இடத்தில் இரசாயனப் பசளை வந்தது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் விலை சரிந்தது. பசளைப் பழக்கமோ நின்றுவிட்டது. ஆறில்லாத இக்குடாநாட்டில் இறைக்கும் நீரும் குடிக்கும் நீரும் ஒரே சுண்ணக்கல்லின் அடியில் இருப்பவை. பயிர் உண்ணாத நைத்திரேற்று கிணற்றுக்கே திரும்புகிறது. பல கிணறுகளில் அது குழந்தைகளுக்கு ஊறு செய்யும் அளவைத் தாண்டியுள்ளது. உயர்விளைச்சல் விதையும் பசளையும் இணைபிரியாதவை. கூடுதற் பசளையிட்டால் உயர்ந்து வளரும் பழைய நெல் சாய்ந்துவிடும். குட்டை நெல்லோ அதனை உண்டு விளைவதற்கென்றே ஆக்கப்பட்டது. ஆகவே விதையைப் பற்றிய வினா கிணற்றைப் பற்றிய வினாவும் ஆகிறது.

போரும் தன் பங்கைச் செய்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் கையிலகப்பட்டதோடு வெளியேறினர். பலர் மறு ஆண்டே மீண்டனர். கொட்டில் வளையிற் பிடிபிடியாகக் கட்டித் தூக்கிய விதைவெங்காயம் ஆளில்லா வீட்டில் ஓராண்டு காத்திராது. முளைத்துவிடும், அல்லது அழுகிவிடும். கட்டடத்தைத் திருப்பிக் கட்டலாம். விதைப்பின்றிக் கடந்த போகத்தை எவ்வாறு ஈடுசெய்வது?

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பழைய விதையைப் போற்றுவோர் சிலர் பழைய ஊரையும் சேர்த்துப் போற்றுகின்றனர். அதற்கு நாம் உடன்படோம். மொட்டைக்கறுப்பன் விளைந்த வயலில் நாற்று நட்டவரும் அரிவி வெட்டியவரும் பெரும்பாலும் நிலமற்றோர். சாதியின் பெயரால் கோயிலும் கிணறும் மறுக்கப்பட்டோர். விதைக்குதிர் நிலமுடையார் வீட்டில் இருந்தது. அவ்வீட்டினுள்ளும் பூசணி விதையைச் சாம்பலிற் புரட்டியவளும், பாகல் விதையைச் சாணத்திற் பதித்துச் சுவரில் ஒட்டியவளும் பெண்ணே. ஆயினும் காணி உறுதிகள் பற்றிய பேச்சில் அவள் குரல் கேட்டதில்லை. விதையை மீட்கும்போது அந்த உடைமைமுறையையும் மீட்டெடுப்பின் நாம் மீட்டது பாதி நஞ்சு.

புதிய உடைமைமுறையும் அஞ்சத்தக்கதே. 2019 இல் பெப்சிக்கோ நிறுவனம் தனது பதிவுபெற்ற உருளைக்கிழங்கினத்தைப் பயிரிட்டனர் என்று குசராத்துக் கமக்காரர் சிலர்மீது ஆளுக்கு ஒரு கோடி ரூபாவுக்கு மேல் இழப்பீடு கோரி வழக்கிட்டது. விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் கமக்காரர்க்குள்ள உரிமையை இந்தியாவின் 2001 ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றிருந்தும் இது நேர்ந்தது. எதிர்ப்பு எழுந்தபின்னரே வழக்கு மீளப்பெறப்பட்டது.

அங்ஙனமாயின் அரசு ஆணையிட்டால் தீருமா? 2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தது. சேதனப் பசளை போதிய அளவில் இல்லை; ஏற்ற விதையும் இல்லை; கமக்காரரைக் கலந்தாலோசிக்கவும் இல்லை. நவம்பரில் தடை நீங்கிற்று. நெல் விளைச்சலோ வீழ்ந்துவிட்டது. நல்ல நோக்கத்தின் செலவு முழுவதும் மிக வறியவன் தலையிற் சுமத்தப்பட்டது. சேதன வேளாண்மைக்கு எதிரிகள் செய்யமுடியாத கெடுதியை இத்தடை ஏழே மாதத்திற் செய்தது என்பது எம் துணிபு.

குறைந்த விளைச்சலைத் தரும் நெல்லை எதிர்காலத்தின்பொருட்டு விதைக்குமாறு இரண்டு பரப்புக் காணியுடையவனிடம் உபதேசிக்க நமக்கு உரிமையில்லை. மாதச் சம்பளம் பெறும் ஆசிரியர்க்கு அறவே இல்லை. காட்டுநெல்லின் பயன் ஆசியா முழுவதற்கும் கிட்டியது. காப்பதன் இழப்பும் பொதுவாதல் வேண்டும். கன்னொறுவவில் 1988 இல் அமைந்த தாவர மரபுவள நிலையம் குளிரறையில் விதைகளைக் காக்கிறது. அது வேண்டியதே. ஆனால் குளிரறையில் உறங்கும் விதை மாறிவரும் மழையையும் உவர்நீரையும் அறியாது. வயலில் இறங்கிய விதையே அவற்றோடு பழகும்.

தமிழ்நாட்டில் நெல் செயராமன் 2006 முதல் திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் நடத்திய நெல் திருவிழா ஒரு வழியைக் காட்டிற்று: வந்தவர்க்கு இரண்டு கிலோ விதை; மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். 2018 இல் அவர் மறைவதற்குள் நூற்றெழுபதுக்கு மேற்பட்ட இனங்கள் திரண்டன. நம் ஊர்களிற் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன. ஊருக்கு ஓரிரு பரப்பை விதைக்கென ஒதுக்கி, அங்கு குறையும் விளைச்சலின் பெறுமதியைச் சங்கமே கமக்காரர்க்கு ஈடுசெய்யலாம். விதைப்பேரேடு பாடசாலையில் இருக்கலாம். விதை பெறுவோர் நிலமுடையாராய் இருக்கவேண்டும் என்ற விதி மட்டும் அப்பேரேட்டில் இருத்தலாகாது. குத்தகைக்குச் செய்பவரும், வீட்டுக்கோடியில் நாலு பாத்தி மட்டும் உள்ள பெண்ணும் அதிற் கையொப்பமிட வேண்டும். காலபோக விதைப்புக்கு முன்னர், ஆவணியிலேயே இதனைத் தொடங்குதல் நன்று.